தேதியை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் ஐரோப்பா போனால் பாதிச் செலவு என்று சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கட்டுரை வந்திருந்தது. செலவுக் கணக்கில் தப்பில்லை. நானும் என் கணவரும் ஜனவரி இரண்டாவது வாரம் கிளம்பி வியன்னா, பிராக், புடாபெஸ்ட் மூன்றையும் பார்த்துவிட்டு வந்தோம். ஜூலை மாதத்துக்குக் காட்டிய அறை வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆனது. ஆனால் எங்கள் பக்கத்தில் சீசன் என்றால் குற்றாலம். மாசி, பங்குனியில் போனால் அங்கேயும் அறை சல்லிசாகக் கிடைக்கும், அருவி விழும் இடத்தில் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வெளியூர்ப் பாறைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் ஒரு டிராவல் ஏஜென்ட். பெயர் எதற்கு? மூன்றாம் நாள் வியன்னாவிலிருந்து ரயிலில் மெல்க், அங்கிருந்து டான்யூப் ஆற்றில் படகில் கிரெம்ஸ் என்று அழகாக அச்சடித்துத் தந்திருந்தார். ரயிலில் ஒரு மணி நேரம். மெல்க்கில் இறங்கி, குன்றின் மேல் நிற்கும் மஞ்சள் நிற மடாலத்தைப் பார்த்துக்கொண்டே படகுத்துறைக்கு நடந்தோம். துறைக்கு இறங்கும் இடத்தில் குறுக்கே சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் உப்புத் தூவியதுபோல் உறைபனி. நாயோடு வந்த ஒரு பெரியவர் எங்கள் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார். "ஏப்ரல், ஏப்ரல்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் வழக்கமான படகுகள் குளிர்காலத்தில் ஓடுவதில்லை. ஏஜென்ட் மே மாதத்துத் திட்டத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார். அதே தாளில் வியன்னாவின் பெரிய கலை அருங்காட்சியகத்தைத் திங்கட்கிழமையில் போட்டிருந்தார். கோடையில் அது தினமும் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் திங்கள் விடுமுறை.

இன்னொரு சங்கதி வெளிச்சம். நான் 31 வருடம் புவியியல் நடத்தியவள். பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால் டிசம்பர், ஜனவரியில் வடக்கே பகல் குறையும் என்று எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன்! அப்படிப்பட்டவளே வியன்னாவில் நாலேகால் மணிக்கு வெயில் போனதும் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். அந்த வாரம் அங்கே பகல் எட்டரை மணி நேரம். பாளையங்கோட்டையில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. பத்து நாள் டூர் என்று பணம் கட்டினால், நம்மூர் வெளிச்சக் கணக்கில் ஏழு நாள் சொச்சம்தான் கைக்கு வருகிறது. பிராக் கோட்டையில் இதைப் பட்டே தெரிந்துகொண்டோம். சாப்பிட்டு முடித்து ஆற அமர மூன்று மணிக்கு மேலே ஏறினால், நான்கு மணிக்கு உள்ளே எல்லாம் சாத்திவிடுகிறார்கள். கோட்டைத் தோட்டங்களுக்கோ ஏப்ரல் வரை பூட்டு. மறுநாள் காலை மறுபடி ஏறினோம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

சரி, போகவே கூடாதா என்றால், இல்லை. வெளியில் பார்ப்பதைக் காலையிலும், கூரைக்குக் கீழே பார்ப்பதை மாலையிலும் வைத்துக்கொண்டால் குளிர்காலம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது. அந்த வியன்னா அருங்காட்சியகம் வியாழக்கிழமைகளில் இரவு 9 மணி வரை உண்டு. அன்றைக்குப் போனோம். பீட்டர் ப்ரூகல் 1565இல் வரைந்த பனிக்கால ஓவியம் அங்கே இருக்கிறது. வேட்டைக்குப் போனவர்கள் நாய்களோடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. அதன் முன்னால் கால்மணி நேரம் நாங்கள் இருவர் மட்டும். காவலர்கூட அடுத்த அறையில் இருந்தார். புடாபெஸ்டில் 1913இல் திறந்த செச்செனி வெந்நீர்க் குளியலகத்துக்குப் போனபோது வெளியே காற்று பூஜ்யத்துக்குக் கீழே. திறந்தவெளிக் குளத்தில் கழுத்தளவு இதமான வெந்நீர், பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு ஆவி. "இந்தக் குளிரில் சட்டையைக் கழற்றவா? நீ போ" என்ற என் கணவரை இரண்டு மணி நேரம் கழித்து நான்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. வேனிலில் இந்தச் சுகம் ஏது?

உடுப்பைப் பற்றியும் ஒன்று. ஒரே கனத்த ஸ்வெட்டர் வேண்டாம். கட்டடங்களுக்குள் ஹீட்டர் போட்டுப் புழுங்குகிறது. உள்ளே தெர்மல் உள்ளாடை, மேலே மெல்லியதாக இரண்டு, அதற்கு மேல் கோட்டு என்றால் கழற்றி மாட்ட வசதி. அருங்காட்சியகங்களில் கோட்டுகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் கணவர் பாஸ்போர்ட்டோடு கொடுத்துவிட்டார். வில்லை இருந்ததால் திரும்பக் கிடைத்தது, அதுவரை எனக்கு மூச்சு இல்லை. செருப்புக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு வழவழப்பான அடிப்பாகமுள்ள ஷூ வாங்காதீர்கள். வியன்னா நடைபாதைகளில் வழுக்காமலிருக்கப் பொடி ஜல்லி தூவுகிறார்கள். ஊருக்கு வந்தபிறகும் என் ஷூவின் பள்ளங்களிலிருந்து குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

விசா ஒன்று போதும், மூன்று ஊர்களும் இருப்பவை ஷெங்கன் நாடுகள்தான், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு ஆஸ்திரியா. ஆளுக்கு 90 யூரோ. மறுத்தாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். அப்புறம், கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரை அங்கே விடுமுறைக் கூட்டம். அதைச் சீசன் இல்லாத காலம் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். 7ஆம் தேதிக்குப் பிறகு பாருங்கள்.

இதுபோன்ற கட்டுரைகளை இனி வெளியிடும்போது ஓரத்தில் சின்னக் கட்டம் ஒன்று போடுங்கள்: எது மூடியிருக்கும், பொழுது எத்தனை மணிக்குச் சாயும் என்று. எங்கள் ஏஜென்டும் உங்கள் பத்திரிகையின் வாசகர்தான். அவர் மேஜை மேல் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோ. வெ.,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.