கருணாம்பிகை சந்நிதியில் வைத்த வேண்டுதல்

திருப்பூர்

அன்பு மகளுக்கு,

எட்டு மாதமாக மாப்பிள்ளைக்கு நிலையான வேலை அமையவில்லை, இனி விளக்கேற்றக்கூட மனம் வரவில்லை என்று போனில் நீ அழுதபோது எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது நீ ஏழாம் வகுப்பில் இருந்தாய். துணிக்குச் சாயமேற்றும் சாப்ட் ஃப்ளோ மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அடுத்த சனிக்கிழமையே சம்பளம் இல்லை. சுமை தூக்கினேன், கட்டட வேலைக்குப் போனேன், ஒரு மளிகைக் கடையில் மூட்டை பிரித்தேன். எதுவும் பத்து நாளைக்கு மேல் நிலைக்கவில்லை. உன் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது உனக்குத் தெரியும். அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவிநாசிக்குப் போய்க் கருணாம்பிகைக்கு நெய்விளக்கு ஏற்றி, பட்டறைகள் திறக்க வேண்டும் என்று வேண்டியதும் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் இருந்த, உன் அம்மாவைப் பெற்ற அமத்தா, பல வருடங்களாகச் சென்னிமலையின் 1320 படிகளையும் ஏறி, நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் வருவது நிற்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கிணற்றுத் தண்ணீரைத் தென்னைக்கும் பாய்ச்ச முடியவில்லை, மாடும் குடிக்கவில்லை. எங்கள் பட்டறைகள் மூடிய அன்று அவருடைய வேண்டுதல்தான் பலித்தது, கண்ணு. அதை எங்களிடம் சொல்லவும் முடியாமல், மகள் வீட்டு அடுப்பை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியாமல், அவர் ஒரு மூட்டை சோளம் கொடுத்தனுப்பினார். அந்த மூட்டையைப் பிரித்த இரவில்தான், நான் இத்தனை வருடம் எந்த ஆற்றில் எதைக் கலக்கவிட்டேன் என்று முதன்முறையாக யோசித்தேன்.

அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையைச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் அழுகை. இரண்டும் அவர் காதில் விழுந்தன. அந்த இடத்தை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். அதன்பின் பட்டறை திறக்க வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, யாருடைய கிணறும் கெடாத ஒரு வேலை கொடு தாயே என்று கேட்டேன்.

ஒன்றரை வருடம் ஆனது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்தம் செய்தால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலையில், பொது சுத்திகரிப்பு நிலையங்களில் சாயத்தண்ணீரின் போக்கு தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படித்தான் எவாபரேட்டர் பிரிவில் என்னை எடுத்துக்கொண்டார்கள்: மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. அழுக்குத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்து, திரும்பவும் பட்டறைக்கே அனுப்பும் வேலை. பட்டறையில் பழகிய கை இல்லாவிட்டால் அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்காது. பட்டறை மூடாவிட்டால் நான் அதைத் தேடிப் போயிருக்கவும் மாட்டேன். இதை அம்பாள் கொடுத்தது என்றே இன்றுவரை நம்புகிறேன். முதல் சம்பளத்தில் தோட்டை மீட்டுக்கொண்டு, உன் அமத்தாவையும் அழைத்துப்போய் அவிநாசியில் அர்ச்சனை செய்தோம். சந்நிதியில் அவரும் உன் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது.

மாப்பிள்ளையின் மனம் சோர்ந்திருக்கும். வேலை என்ன ஆயிற்று என்று தினமும் கேட்காதே, நேரத்துக்குச் சாப்பிட வை. வாடகைக்காக இத்துடன் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன், மறுக்க வேண்டாம். உனக்கு விளக்கேற்ற மனம் வராத நாட்களில் விட்டுவிடு. இந்த வெள்ளிக்கிழமை முதல் உங்கள் இருவர் பெயருக்கும் அம்மா விளக்குப் போடுகிறாள். மாப்பிள்ளையின் நட்சத்திரம் ரோகிணியா மிருகசீரிடமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா