பளபளப்பாக்கிவிடாதே, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

அந்தப் பழைய சோதனை விமானத்தைச் சீரமைக்கும் பொறுப்பு உன் குழுவுக்கே வந்துவிட்டது என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் விமானப் பராமரிப்பிலேயே காலம் தள்ளியவன். விரிசல் கண்டால் கழற்று, மாற்று, கையெழுத்துப் போடு. பறக்கிறவர்களின் உயிர் அதில் இருந்தது. உன் விமானம் இனிப் பறக்கப்போவதில்லை. அதனால் எங்கள் பழக்கம் உனக்கு வேண்டாம்.

ஹோர்ட்டன் 229 வி3 பற்றிச் சொல்லியிருக்கிறேனா? ஜெர்மனியில் ஹோர்ட்டன் சகோதரர்கள் வடிவமைத்த வாலில்லாத ஜெட். 1945இல் பாதி கட்டிய நிலையில் அமெரிக்கப் படையிடம் சிக்கியது. எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் ப்ளைவுட் போர்த்தியிருந்தார்கள். ரேடாருக்குத் தப்ப, பசையில் கரித்தூள் கலக்க நினைத்ததாக ரைமார் ஹோர்ட்டன் 1980களில் சொன்னார். அந்தக் கதை ரொம்ப நாள் ஓடியது. பிறகு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக வல்லுநர்கள் அந்தப் பலகையையே ஆராய்ந்தார்கள். கரித்தூளுக்கு ஆதாரம் இல்லை. அடுக்கு அடுக்காக உரிந்த பலகையைப் பிய்த்தெறிந்து யாராவது புதுசு அடித்திருந்தால், அதைச் சோதிக்க என்ன மிஞ்சியிருக்கும்?

சோதனை விமானத்தில் வரைபடத்தை மட்டும் நம்பாதே. இறங்கிய ராத்திரியே ஒரு தாங்கியை வெட்டி மாற்றியிருப்பார்கள். அளவுக்கருவிக்காக ஓட்டை போட்டு, அப்புறம் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். ஒரு வரிசையில் நாலு ரிவெட் ஆணிக்கு மட்டும் தலை வேறாக இருந்தால் அங்கே நின்று பார். அந்த விமானத்தில் உழைத்தவர்களின் கை அங்கேதான் தெரியும். பெயின்டைத் தொடும் முன் படம் எடுத்துவிடு. நீ சேர்க்கிற எதையும் நாளைக்கு இன்னொருவர் சேதமில்லாமல் கழற்ற முடிய வேண்டும். புதுத் துண்டின் உள்பக்கம் தேதி எழுதிவை. அரிப்பை மட்டும் சும்மா விடாதே, அது பரவும்.

எனக்கு ஒரே கவலை. பழைய டயல்களில் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்காது. கண்ணாடி உடைந்த டயல் என்றால் கை வைக்காதே, அதற்கென்று இருப்பவர்களைக் கூப்பிடு. போல்ட்டுகளில் காட்மியம் முலாம் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் எதையும் தேய்க்காதே. அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

காக்பிட்டைத் திறந்ததும் படம் அனுப்பு. இருக்கைக்கு அடியில், பேனல்களின் பின்பக்கத்தில் பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருந்தால் துடைக்கத் துணியை எடுக்காதே, முதலில் எனக்குக் காட்டு.

அன்புடன்,
அப்பா