வடிகாலை மறந்த மனைப்பிரிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் வரவிருக்கும் மனைப்பிரிவின் வரைபடத்தைப் பார்த்தேன். மனைகள் கச்சிதமான செவ்வகங்கள். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. டெல்டாவில் தண்ணீர் அப்படி ஓடாதே! அரசின் நில அளவை வரைபடமான புலப்படத்தில் வளைந்து செல்லும் வடிகால் வாய்க்கால், மனைப்பிரிவு வரைபடத்தில் தெருவோரச் சாக்கடையாகிவிட்டது. சாலை கடக்கும் இடத்தில் பாலம் இல்லை, வெறும் குழாய்தான். பாசன வாய்க்காலை அடைத்தால் மறுநாளே சண்டை வரும். வடிகாலை அடைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தெரியும், மேற்கே சம்பா வயல்கள் முழுகிய பிறகு.

அப்புறம் பூங்கா. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும் என்பது விதி. அந்தப் பங்கை, கோரை மண்டிய குட்டையில் காட்டியிருக்கிறார்கள். அதை மண்ணடித்து மேடாக்கினால், அங்கே தேங்கும் நீர் புது வீடுகளுக்குள்தான் போகும். குட்டையைக் குட்டையாகவே விட்டு, பூங்காவுக்கு வேறு இடம் ஒதுக்கட்டும்.

வீடுகளே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அனுமதி தருவதற்கு முன், நீர்வளத் துறைப் பொறியாளர்கள் ஒரு மழை நாளில் இடத்துக்கு வந்து பார்க்கட்டும். வரைபடத்தில் தரைமட்ட அளவுகளையும் குறிக்கச் சொல்லட்டும்.

- ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்