விமான ஆன்டெனா: கம்பியில் மிச்சம் பிடிக்கலாம், கேபிளில் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ரேடியோ ஆன்டெனாக்களுக்குப் பெருந்தொகை ஒதுக்கியே ஆக வேண்டும் என்ற வரியை ஏற்க முடியவில்லை. சொந்தமாகக் கட்டிய விமானத்தின் பேச்சு ரேடியோவுக்குச் சான்றிதழ் பெற்ற ஆன்டெனாதான் வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. கடையில் இருநூறு டாலருக்கு மேல் விற்கும் பொருளின் வேலையைச் சில டாலர் செம்புப் பட்டை செய்துவிடும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் கேபிளும் கனெக்டரும்தான்.

முதலில் பார்க்க வேண்டியது விமானத்தின் உடல் எதனால் ஆனது என்பது. ஃபைபர் கிளாஸ் ரேடியோ அலையை மறைக்காது. ஆன்டெனாவை உள்ளேயே ஒளித்து வைக்கலாம். கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும். அதற்குள் வைத்தால் உலோகப் பெட்டிக்குள் பூட்டியதற்குச் சமம். மேலே உலோகத்தூள் கலந்த பெயின்ட் அடித்தாலும் அதே கதிதான்.

ஃபைபர் கிளாஸ் விமானங்களுக்கான வழியை ஜிம் வெயர் என்ற பொறியாளர் வகுத்துக் கொடுத்தார். அரை அங்குல அகலக் காப்பர் டேப்பில் ஒரே நேர்க்கோட்டில் இரண்டு கால்கள். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பேச்சு ரேடியோவுக்குக் கால் ஒன்று சுமார் 51 செ.மீ.; 108 முதல் 118 வரையுள்ள வழிகாட்டி ரேடியோவுக்குச் சுமார் 58 செ.மீ. நடுவில் கேபிளின் உள்கம்பி ஒரு காலுக்கும் வெளிவலை மறுகாலுக்கும் போகும். இணைப்பை ஒட்டிக் கேபிளின் மேல் மூன்று ஃபெரைட் வளையங்களைக் கோர்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வளையம் இல்லாவிட்டால் வெளிவலையும் ஆன்டெனாவாக மாறி விமானிகள் அறைக்குள்ளேயே அலை பரப்பும். பேச பட்டனை அழுத்தியதும் ஹெட்செட்டில் கீச்சென்று சத்தம் வரும்.

பேச்சு ரேடியோவின் பட்டை செங்குத்தாகவும், வழிகாட்டியின் பட்டை கிடைமட்டமாகவும் இருக்க வேண்டும். மாற்றி ஒட்டினால் சிக்னல் பெருமளவு விழும். கட்டுப்பாட்டுக் கம்பிகளும் மின்வயர்களும் பட்டைக்கு இணையாக அருகில் ஓடக் கூடாது. சால்டர் செய்யும்போது சூடு அதிகமானால் டேப்பின் பசை விட்டுவிடும். எனவே மேல் அடுக்கை மூடும் முன்பே அளந்து பார்த்துவிட வேண்டும்; மூடியபின் கண்டுபிடித்தால் இறக்கையைத்தான் அறுக்க வேண்டியிருக்கும்.

அலுமினிய விமானத்தில் 3 மி.மீ. எஃகுக் கம்பி ஒன்று போதும்; மறுகாலின் வேலையை விமானத்தின் உலோக உடலே தளமாக இருந்து செய்யும். நீளம் சுமார் 56 செ.மீ. வரும், 58 செ.மீ. வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக நறுக்குங்கள். கம்பியின் அடியில் விமானத்தின் வெளித்தகட்டுக்கு உட்புறம் கூடுதல் தகடு வைக்காவிட்டால் அதிர்வில் விரிசல் விழும். ஆன்டெனா உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகத்தோடு சேர்க்க வேண்டும். ரேடியோவில் குறை என்று தேடுகிற பல பழுதுகள் இந்தப் பெயின்ட் அடுக்கில்தான் இருக்கும். துணி போர்த்திய விமானத்தில், கம்பியின் அடியிலிருந்து 60 செ.மீ. நீளத்தில் நான்கு உலோகப் பட்டைகளை நாலா திசையிலும் விரித்தால் அந்த உலோகத் தளம் கிடைத்துவிடும்.

ரேடாருக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டருக்கு 1090 மெகாஹெர்ட்ஸ் என்பதால் கம்பி 7 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. முனையில் உருண்டை வைத்த மலிவான வகையே போதும். ஃபைபர் கிளாஸ் உடலானால் 14 செ.மீ. விட்டமுள்ள அலுமினிய வட்டத்தகடு ஒன்று அடியில் வேண்டும். இன்ஜின் எண்ணெய் படிந்தால் வீச்சு குறையும், துடைத்து வையுங்கள்.

இப்போது கேபிள். ஆர்ஜி-58 வகை பேச்சு ரேடியோவில் மூன்று மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு திறனைத்தான் தின்னும். அதையே டிரான்ஸ்பாண்டருக்குப் போட்டால் நான்கைந்து மீட்டரில் பாதி போய்விடும். அங்கே ஆர்ஜி-400 போடுங்கள், நீளத்தையும் குறையுங்கள். தீப்பிடித்தால் ஆர்ஜி-58-இன் பிவிசி உறை நச்சுப்புகை விடும் என்பதால் எல்லா இடத்திலும் ஆர்ஜி-400 போடுவதே எங்கள் விருப்பம். டிவி கேபிள் வேண்டவே வேண்டாம். அதன் அலுமினிய வலையில் சால்டர் ஒட்டாது.

நூறு டாலருக்குள் கிடைக்கும் நானோவிஎன்ஏ கருவியால், அனுப்பும் திறனில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவைப் பார்க்கலாம். 2 என்றால் ஒன்பதில் ஒரு பங்கு திறன் திரும்பி வருகிறது, பரவாயில்லை. 3 என்றால் கால் பங்கு. பேச்சு ரேடியோவில் இந்த அளவு மிகக் குறைவாக இருக்கும் அலைவரிசை 127 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்தால் கம்பியின் நீளம் அதிகம், நறுக்குங்கள்.

விபத்து அறிவிப்புக் கருவியான இஎல்டியில் மட்டும் சொந்தக் கைவேலை கூடாது. கருவியோடு வரும் ஆன்டெனாவும் சேர்ந்துதான் அதற்கு அங்கீகாரம்.

கடைசியாக ஒரு சோதனை. பேச்சு ரேடியோ தன் அலைவரிசையின் மடங்குகளிலும் சிறிது அலையைக் கசியவிடும். 121.150, 121.175, 121.200-இன் பதின்மூன்றாம் மடங்கும், 131.250, 131.275, 131.300-இன் பன்னிரண்டாம் மடங்கும் ஜிபிஎஸ் அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழுகின்றன. திறந்த வெளியில், யாரும் பேசாத நேரம் பார்த்து, ஒவ்வொன்றிலும் பட்டனை அரை நிமிடம் அழுத்தி ஜிபிஎஸ் திரையைக் கவனியுங்கள். செயற்கைக்கோள்கள் மறைந்தால் இரண்டு ஆன்டெனாக்களையும் விலக்கி வைக்க வேண்டும். இடமில்லையென்றால் பேச்சு ரேடியோவின் கேபிளில் 1575-ஐத் தடுக்கும் ஃபில்டரைச் செருக வேண்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் இந்த அளவுகளையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விமான ரேடியோப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்