'அந்த மெசேஜ் வராம பண்ணுங்க' என்று சொல்லும் பிரிவுத் தலைவர்களுக்கு

மதிப்பிற்குரிய பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஐடி பிரிவில் இருக்கிறேன். 'வைரஸ் மெசேஜ் வேலையைக் கெடுக்குது, எப்படியாவது வராம பண்ணுங்க' என்று போனில் சொல்கிறீர்களே, அதற்குப் பதில் இது.

போன மாதம் கணக்குப் பிரிவில் ஒரு கணினியின் ஆன்டிவைரஸ் லாகை, அதாவது எப்போது எதைப் பிடித்தது என்ற பதிவைப் பார்த்தேன். ஒரே எக்செல் கோப்பு மூன்று நாளில் நான்கு முறை பிடிபட்டிருக்கிறது. நான்கு முறையும் 'அனுமதி' அழுத்தியிருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா, என்ன டவுன்லோட் பண்ணேன்னு கேப்பாங்க சார்" என்றார் அந்த ஊழியர், குரலைத் தாழ்த்தி.

அந்தக் கோப்புக்குள் இருந்த மேக்ரோவை, அதாவது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். எக்செலுக்குள்ளிருந்து வேறொரு நிரலை இயக்கும் ஒரு வரி இருந்தது. நம் ஆட்களே எப்போதோ எழுதியதுதான், தப்பில்லை. ஆனால் கெட்ட மேக்ரோக்களும் இதே வேலையைத்தான் செய்யும். 'அனுமதி' அழுத்தியபோது இது நல்லதா கெட்டதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆன்டிவைரஸ் தப்பாகவும் பிடிக்கும், மறுக்கவில்லை. 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று தூக்கியது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. ஆகவே பிடிபட்ட கோப்பு குவாரன்டைனிலேயே, அதாவது ஆன்டிவைரஸ் அதை இயங்கவிடாமல் பூட்டி வைக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அழித்துவிட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது, ஆராயவும் முடியாது.

சிலர் சொந்தமாகச் சோதிக்கிறேன் என்று, பல ஆன்டிவைரஸ்களில் கோப்பைச் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றுகிறார்கள். அங்கே ஏற்றியதை அத்தளத்தின் சந்தாதாரர்கள் எடுத்துப் பார்க்கலாம். சம்பளப் பட்டியலை ஏற்றினால் வைரஸே தேவையில்லை, நாமே கசியவிட்ட கணக்கு. நாங்கள் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற 64 எழுத்துகளை மட்டும் அங்கே தேடுவோம். கோப்பு வெளியே போகாது. நம் அலுவலகத்திலேயே உருவான கோப்புக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் அது சுத்தம் என்றும் ஆகிவிடாது.

முழு ஃபோல்டருக்கும் விலக்குக் கேட்டு எழுதுகிறீர்கள். அதில் நாளை வேறு எது வந்து விழுந்தாலும் ஆன்டிவைரஸ் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தக் கோரிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை.

எச்சரிக்கை வந்தால் திரையை போனில் படம் எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். சந்தேகக் கோப்பை ஏற்கெனவே திறந்துவிட்டார்களா? நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கட்டும், வைஃபையை அணைக்கட்டும், கணினியை மட்டும் அணைக்க வேண்டாம். மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். பாஸ்வேர்டை வேறொரு கணினியிலிருந்து மாற்றட்டும். இந்தக் கோப்பு மெயிலில் வந்திருந்தால் அதே மெயில் இன்னும் யார் யாருக்கு வந்தது என்று நாங்கள் தேடியாக வேண்டும். அதனால் முதல் போன் சீக்கிரம் வருவது முக்கியம். திட்டு விழும் என்று பயந்தவர் போன் பண்ண மாட்டார்.

அந்த மேக்ரோவின் ஒரு வரியை மாற்றி எழுதித் தர எனக்கு இரண்டு நாள் வேண்டும். அதற்குள் சம்பளக் கணக்கு தாமதமானால் என்னைக் கேளுங்கள், அந்த ஊழியரை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஐடி பிரிவிலிருந்து ஒருவன்