பக்கத்தில் உட்கார்ந்த பையன்

ஆசிரியருக்கு,

என் பேத்திக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் பெயரைச் சொல்லும்போது முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். பின் பெஞ்சில் அதை அப்படியே சொல்லிக் காட்டுவார்கள். 'கண்டுக்காதே' என்றுதான் நானும் சொல்லிவந்தேன். தப்பு என்மேல்தான். எட்டு வயதுப் பிள்ளையால் அது முடிகிற காரியமா?

ஒருநாள் பக்கத்தில் இருந்த பையன் திரும்பி, "அவ சொல்லி முடிக்கட்டும்டா" என்றானாம். சத்தம் அடங்கிவிட்டது. கனடாவின் பள்ளி மைதானங்களைக் கவனித்து 2001இல் வெளியான ஓர் ஆய்விலும், சக பிள்ளைகள் குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை 10 நொடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. கேலிக்கு ஆளான குழந்தைக்கு ஆசிரியர்கள் தைரியம் சொல்கிறார்கள், சரி. அப்புறம் வேடிக்கை பார்க்கும் மற்றவர்களிடமும் பேசலாமே?

அவளுக்கு இப்போதும் திக்கத்தான் செய்கிறது. நேற்று வாய்விட்டுப் பாடம் வாசிக்க அவளே கை தூக்கினாளாம்.

- ஒரு தாத்தா