ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்: குடியரசுக் கட்சித் தேசியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கேரி, வட கரோலினா
செப்டம்பர் 23, 2024

குடியரசுக் கட்சித் தேசியக் குழுவின் தலைவர் மைக்கேல் வாட்லி அவர்களுக்கும் இணைத் தலைவர் லாரா டிரம்ப் அவர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை வில்மிங்டன் கூட்டத்தில் உங்கள் அதிபர் வேட்பாளர் டொனால்டு டிரம்ப் பேசியதைக் கேட்டேன். அக்டோபர் 23-இல் இன்னொரு விவாதம் நடத்த சிஎன்என் அழைத்தது, எதிர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் சரி என்றார். உங்களவரோ, இனிமேல் நேரமில்லை, வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார். வர்ஜீனியாவிலும் மினசோட்டாவிலும் தொடங்கியது உண்மைதான். ஆனால் அவர் நின்று பேசிய மேடை வட கரோலினாவில் இருந்தது. இங்கே படைவீரர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் வாக்குச்சீட்டு அனுப்பினார்கள். தபால் வாக்குக் கேட்ட மற்றவர்களுக்கு நாளைதான் அனுப்பப் போகிறார்கள். செப்டம்பர் 6-ஆம் தேதியே போயிருக்க வேண்டிய சீட்டுகள் அவை. ராபர்ட் கென்னடி ஜூனியர் போட்டியிலிருந்து விலகி உங்கள் வேட்பாளரை ஆதரித்தார். தன் பெயரைச் சீட்டிலிருந்து எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டு, ஜெயித்தும் விட்டார். அச்சடித்த சீட்டெல்லாம் வீணாகி மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. தாமதம் வந்தது உங்கள் பக்கத்தில் இருந்து. நேரம் போய்விட்டது என்ற பேச்சும் உங்கள் பக்கத்தில் இருந்தே வருகிறது. நீங்கள் இருவருமே இந்த மாநிலத்துக்காரர்கள். வாட்லி அவர்கள் இங்கே கட்சித் தலைவராக இருந்தவர், லாரா அவர்களுக்கு வில்மிங்டன்தான் சொந்த ஊர். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெளியுறவுக் கொள்கையை மட்டும் பேசும் ஒரு விவாதம், ஒன்றரை மணி நேரம், அக்டோபர் 17-க்குள். அன்றுதான் எங்கள் மாநிலத்தில் நேரில் போய் முன்கூட்டியே வாக்களிப்பது தொடங்குகிறது. எந்தத் தொலைக்காட்சி, யார் நெறியாளர் என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வருகிறது. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், இந்தச் சண்டை எங்கள் வீட்டு வரவேற்பறைகளிலும் நடக்கிறது என்பதுதான். எதிரணி வேட்பாளரின் அம்மா தமிழ்ப் பெண், அதனால்தான் இவன் எழுதுகிறான் என்று எங்கள் ஆட்களில் சிலரே சொல்வார்கள். உங்கள் துணை அதிபர் வேட்பாளரின் மனைவி தெலுங்குக் குடும்பத்துப் பெண். அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு பக்கமும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்தான். நான் குடியுரிமை வாங்கி முதன்முதலில் வாக்களித்தது 2012-இல், உங்கள் கட்சியின் அன்றைய அதிபர் வேட்பாளர் மிட் ராம்னிக்கு. வரி, அரசாங்கச் செலவு, பள்ளி விஷயங்களில் இன்றைக்கும் உங்கள் கட்சி சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. அதனால்தான் கேட்கிறேன்.

ராம்னி பெயரைச் சொன்னதால் அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் முதல் எதிரி ரஷ்யா என்று அந்த ஆண்டு மார்ச்சில் அவர் சொன்னார். அக்டோபர் 22-இல் ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் நடந்த மூன்றாவது விவாதம் முழுக்க வெளியுறவுக் கொள்கைதான். அதில் ஒபாமா அவரைக் கிண்டல் செய்தார். 1980-கள் தங்கள் வெளியுறவுக் கொள்கையைத் திருப்பிக் கேட்கின்றன என்றார். நாடே சிரித்தது. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. ராம்னி தேர்தலில் தோற்றார், ஆனால் அவர் சொன்னது பதிவில் நின்றது. இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். அப்படி எடுத்துப் பார்க்க உங்கள் இன்றைய வேட்பாளரிடமிருந்து எங்களுக்கு என்ன இருக்கிறது?

உக்ரைன் போரை 24 மணி நேரத்தில் முடிப்பேன் என்கிறார். எப்படி என்று கேட்டால் அதைச் சொல்லிவிட்டால் பேரம் கெட்டுவிடும் என்கிறார். செப்டம்பர் 10-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா விவாதத்தில் நெறியாளர் டேவிட் மியூர் நேராகவே கேட்டார்: உக்ரைன் ஜெயிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா? போர் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்பது பதில். மியூர் விடவில்லை, மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். அதோடு அடுத்த தலைப்புக்குப் போயாயிற்று. ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய் பூனைகளைச் சாப்பிடுகிறார்கள் என்று அந்த இரவில் அவர் சொன்ன கதை பற்றி ஊருக்குக் கிடைத்த விவரம்கூட, உக்ரைன் பற்றிக் கிடைக்கவில்லை.

இதனால் எங்களுக்கு என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். என் அலுவலகத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். ஃபேயட்வில்லில் பிறந்து வளர்ந்தவர், பரம்பரை ரிபப்ளிகன். அவர் மகன் 82-ஆவது வான்வழிப் படைப்பிரிவில் இருக்கிறான். அந்தப் படைப்பிரிவின் முகாம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். 2022 பிப்ரவரியில், ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சில வாரங்கள் முன்பு, அங்கிருந்துதான் வீரர்களைப் போலந்துக்கு அனுப்பினார்கள். மதிய உணவு மேசையில் எங்களுக்குள் தேர்தல் பேச்சு வராத நாளில்லை. ஒருவர், டிரம்ப் வந்தால் ஆயுதம் கொடுப்பதை நிறுத்திவிடுவார், அதனால் போர் முடியும் என்பார். இன்னொருவர், இல்லையில்லை, இதுவரை கொடுக்காத அளவுக்கு ஆயுதம் கொடுப்பேன் என்று மிரட்டி புதினைப் பணிய வைப்பார் என்பார். இருவருமே அவருக்குத்தான் வாக்களிக்கப் போகிறார்கள், நேர் எதிரான காரணங்களுக்காக. இருவர் சொல்வதற்கும் ஆதாரம் அவர் பேச்சிலேயே இருக்கிறது. 2023 ஜூலையில் ஃபாக்ஸ் பேட்டியில் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அந்த அம்மா ஒருநாள் கேட்டார்: "போலந்தை ரஷ்யா தொட்டால் என் பையன் போவானா, மாட்டானா? அதை மட்டும் யாராவது சொல்லுங்களேன்."

யாரும் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரிந்தால்தானே. நேட்டோ ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, ஒருவர் மீது விழும் அடி எல்லார் மீதும் விழுந்த அடி என்கிறது. உங்கள் வேட்பாளர் பிப்ரவரி 10-ஆம் தேதி தென் கரோலினாவின் கான்வேயில், பணம் கட்டாத நேட்டோ நாடுகளை ரஷ்யா என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று ஊக்குவிப்பேன் என்றார். அது பேரத்துக்காகப் பேசிய பேச்சு, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உங்கள் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். போலந்து தன் பங்குக்கு மேலேயே செலவு செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எதை அப்படியே எடுத்துக்கொள்வது, எதை எடுத்துக்கொள்ளாமல் விடுவது என்று படையில் பிள்ளை இருக்கும் ஒரு தாய் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமா? அவர் கேட்டது ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டிய கேள்வி. மேடையில் நிற்க வைத்து, ஐந்து நிமிடம் விடாமல் கேட்டால் பதில் வந்துவிடும்.

தைவான் கதையும் இதேதான். ஜூலையில் வந்த ஒரு பேட்டியில், பாதுகாப்புக்குத் தைவான் நமக்குப் பணம் கட்ட வேண்டும், நம் சிப் தொழிலை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். சரி, பணம் கட்டினால் காப்பாற்றுவாரா? எவ்வளவு கட்ட வேண்டும்? மில்வாக்கி மாநாட்டில் நீங்கள் நிறைவேற்றிய கட்சி அறிக்கையில் பார்த்தால் தைவான் என்ற பெயரே இல்லை. மொத்தமே 16 பக்கம். ஐரோப்பாவில் அமைதியை மீட்போம் என்று ஒரு வரி இருக்கிறது. எப்படி என்ற வரியைக் காணோம்.

இனி தகுதி பற்றி. வேட்பாளருக்கு 78 வயது. இரண்டே மாதத்தில் இரண்டு முறை அவர் உயிருக்குக் குறி வைத்தார்கள். பட்லரில் காதில் ரத்தத்தோடு எழுந்து நின்றவரைப் பார்த்து நானும் வியந்தேன். அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது நாம்தான். ஜோ பைடனின் வயதை மூன்று ஆண்டுகள் பேசினோம், நியாயமாகத்தான் பேசினோம். அவர் கட்சிக்காரர்கள் மூடி மூடி வைத்தார்கள். ஜூன் 27 அட்லாண்டா விவாத மேடை ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தது, ஜூலை 21-இல் அவர் விலகினார். மருத்துவர் கடிதமோ உதவியாளர் வாக்குமூலமோ சொல்லாததை ஒரு விவாதம் சொன்னது. 75 வயதுக்கு மேற்பட்ட அரசியல்வாதிகளுக்கு மனத்திறன் சோதனை வேண்டும் என்று முதலில் கேட்டதும் உங்கள் கட்சியின் நிக்கி ஹேலிதான். பிறகு ஜனவரியில் அவரையே எதிர்க்கட்சியின் நான்சி பெலோசி என்று நினைத்து உங்கள் வேட்பாளர் பேசிக்கொண்டே போனார். பெயர் தடுமாறுவது யாருக்கும் நடக்கும், எனக்கும் நடக்கிறது. ஆனால் என் கையில் அணு ஆயுதச் சங்கேதம் இல்லையே. அவர் உடல்நிலை பற்றி எங்களுக்குக் கிடைத்தது சென்ற நவம்பரில் ஒரு மருத்துவர் எழுதிய மூன்று பத்திக் கடிதம். எல்லாம் அபாரம் என்கிறது, ரத்த அழுத்தம் எத்தனை என்றுகூட அதில் இல்லை. மருத்துவ ஆவணங்களை மகிழ்ச்சியாக வெளியிடுவேன் என்று ஆகஸ்டில் சொன்னார். அதற்கும் காத்திருக்கிறோம்.

ரொனால்ட் ரீகனை உங்கள் கட்சி இன்னும் கும்பிடுகிறது. 1984 அக்டோபர் 7-இல் லூயிவில்லில் நடந்த முதல் விவாதத்தில் அவர் தடுமாறினார். 73 வயது, முடியவில்லை என்று ஊர் பேசியது. அவர் ஓடி ஒளியவில்லை. இரண்டு வாரம் கழித்து கன்சாஸ் சிட்டிக்கு வந்தார். அந்த விவாதத்தின் தலைப்பே வெளியுறவும் பாதுகாப்பும்தான். கியூபா ஏவுகணை நெருக்கடியில் கென்னடி நாட்கணக்கில் தூங்காமல் இருந்தாரே, உங்களால் முடியுமா என்று பத்திரிகையாளர் ஹென்றி ட்ரூஹிட் கேட்டார். எதிராளியின் இளமையையும் அனுபவக் குறைவையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார் ரீகன். 56 வயது மாண்டேலே சிரித்துவிட்டார். தகுதியும் வெளியுறவும் ஒரே கேள்வியில் வந்தன. அவர் அதை எதிர்கொண்டார், 49 மாநிலங்களை ஜெயித்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அன்றைய அதிபர் கார்ட்டருடன் அவர் விவாதித்தபோது வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நேரமில்லை என்று ரீகன் சொல்லவில்லை. ஏன், உங்கள் இன்றைய வேட்பாளரே 2020-இல் அக்டோபர் 22 அன்று நாஷ்வில்லில் விவாதித்தார். அதற்குள் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களித்து முடித்திருந்தார்கள்.

ஒருவேளை உங்களுக்கு உங்கள் கட்சியின் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு நினைவுக்கு வருகிறாரோ? 1976-இல் வெளியுறவு விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லி மாட்டிக்கொண்டாரே, அவர். அந்தப் பயம் என்றால் புரிகிறது. ஆனால் அந்தப் பயம் வாக்காளருக்கு ஒரு தகவல்தான்.

இது வேட்பாளரின் முடிவு, குழுவின் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். 2022 ஏப்ரலில் கையில் இருந்ததே! அதிபர் தேர்தல் விவாதங்களை நடத்தி வந்த ஆணையம் பாரபட்சமானது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு வெளியேறினீர்கள். கட்சி அனுமதிக்கும் விவாதங்களில் மட்டுமே கலந்துகொள்வோம் என்று வேட்பாளர்களிடம் எழுதி வாங்கவும் முடிவெடுத்தீர்கள். வாக்குப்பதிவு தொடங்கிய பிறகு விவாதம் வைக்கிறார்கள் என்பதே உங்கள் புகார்களில் ஒன்று. புதிய, மேலான மேடைகளைக் கண்டுபிடிப்போம் என்று அன்றைய தலைவர் சொன்னார். இரண்டரை ஆண்டு ஆகப்போகிறது. அந்த மேடை எங்கே? உள்கட்சி விவாதங்களுக்காவது மில்வாக்கி முதல் அலபாமா வரை மேடை போட்டீர்கள். முன்னணியில் இருந்தவர் ஒன்றுக்கும் வரவில்லை, நீங்களும் வற்புறுத்தவில்லை. அவர் குடும்பத்தில் ஒருவர் இப்போது குழுவுக்கே இணைத் தலைவர். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. கட்சி என்றால் குடும்பம், தலைவர் வைத்ததே சட்டம் என்பதை அங்கேயே பார்த்தாகிவிட்டது. இங்கே விமானச் செலவு போட்டு வந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சூடாகிவிட்டேன், மன்னிக்கவும். எதிரணி வேட்பாளரும் பேட்டிகளுக்கு எளிதில் பிடிபடுகிறவர் இல்லை. காஸா பற்றி அவரிடமும் நழுவல்தான். அவரை அந்தப் பக்கம் கேட்பவர்கள் கேட்கட்டும். அவர் ஒரு தேதிக்காவது சம்மதம் சொன்னார். தோற்ற குத்துச்சண்டை வீரர்தான் மறுபடி மோதக் கேட்பார் என்று உங்களவர் எழுதினார். நாங்கள் கேட்பது அவர்களுக்காக அல்ல. போன முறை இந்த மாநிலத்தில் உங்களவர் வென்றது 1.3 சதவீத வித்தியாசத்தில், சுமார் 74,000 வாக்குகளில். அந்த அலுவலக அம்மாவைப் போல இன்னும் முடிவு செய்யாதவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆகவே பணிவாக மறுபடி கேட்கிறேன். அக்டோபர் 17-க்குள், வெளியுறவுக் கொள்கைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். நேட்டோவின் ஐந்தாவது பிரிவு முதல் கேள்வியாக இருக்கட்டும். ஊர் கிடைக்கவில்லை என்றால் ஃபேயட்வில்லிலேயே வையுங்கள், அரங்கம் நிறையும். அதே வாரத்துக்குள் ரத்த அழுத்தம் உட்பட முழு மருத்துவ அறிக்கையையும் வெளியிடச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் அறிவித்தால் போதும், எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கேரி நகர வாக்காளர் ஒருவர்